தையல் மெஷின் ஓயாத மாதத்தில் நத்தாரை நத்தாராக வைத்திருப்பது எப்படி

டிசம்பரில் வன்னியில் சும்மா இருக்கிற ஆளைக் காண்பது அரிது. காலபோக நெல் குடலைக்கு வந்து நிற்கும். பசளை எறிய வேண்டும், இரவில் பன்றிக்குக் காவல் கிடக்க வேண்டும். வாடைக்காற்று கூரைத் தகரத்தைக் கிளப்பும். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் எல்லாரும் வீட்டில். கனடா, லண்டன், சுவிஸ் என்று சொந்தங்கள் வந்து இறங்கும். எனக்கு இவ்வளவுக்கும் மேலே தையல். விசுவமடுப் பக்கம் வீட்டோடு சேர்த்து ஒரு சின்னத் தையல் கடை வைத்திருக்கிறேன். கையில் நாலு காசு மிஞ்சுகிற மாதம் எனக்கு இதுதான். ஞாயிறுகளில் எங்கள் பங்குக் கோயிலில் மறைக்கல்வியும் படிப்பிக்கிறேன். ஆகவே, நத்தாருக்கு ஆயத்தமாகிற இந்த நான்கு வாரமும், "திருவருகைக் காலத்தில் அமைதியாக அமர்ந்து தியானியுங்கள்" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிட்டுப் போய் மெஷினை மிதிப்பேன். வேறென்ன செய்வது?

மறைக்கல்விப் பிள்ளைகளின் தாய்மார் அடிக்கடி கேட்பார்கள்: "ரீச்சர், வேலையோடு வேலையாக நத்தார் வந்து போயிடுது, செபிக்கவே நேரமில்லை, என்ன செய்யலாம்?" அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். டிசம்பரில் புதிதாக ஒரு பக்தி முயற்சியையும் சேர்க்காதீர்கள். எப்படியும் செய்யத்தான் போகிற வேலைகளுக்குள் செபத்தை வையுங்கள். அதற்கு இடம் கொடாத வேலையை வெட்டிவிடுங்கள். தைக்கிறவளுக்கு முதலில் கத்தரிக்கோல், பிறகுதான் ஊசி.

கொப்பியை மூடுகிற நாள்

திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு, ரோசா நிற மெழுகுதிரி கொளுத்தும் ஞாயிறு. அன்றோடு என் ஓடர் கொப்பி மூடப்படும். கார்த்திகை மாதமே கடை வாசலில் மட்டை எழுதித் தொங்கவிட்டுவிடுவேன். இருந்தும் வருவார்கள். "அக்கா, சின்னவளுக்கு ஒரு சட்டை மட்டும், நீங்கள் நினைத்தால் ஒரு மணித்தியால வேலை." உண்மைதான், ஒரு மணித்தியால வேலைதான். அப்படி ஒரு மணித்தியாலக்காரர் இருபது பேர் வந்தால் 24ஆம் திகதி இரவு பூசை மணி அடிக்கும்போது நான் பொத்தான் தைத்துக்கொண்டிருப்பேன். தயவுதாட்சண்யம் பார்க்காமல், பொங்கலுக்குத் தைத்துத் தருகிறேன் என்று சொல்லி அனுப்புங்கள். கோபிப்பார்கள், தைப்பொங்கலுக்குத் திரும்பி வருவார்கள்.

இந்தச் சட்டத்துக்கு ஒரு விலக்கு வைத்திருக்கிறேன். பிள்ளைக்குப் புது உடுப்பு எடுக்க வழியில்லாத வீட்டிலிருந்து கடைசி நாளில் துணி வந்தாலும் தைப்பேன். அது யார் என்று கடைக்காரிக்குத் தெரியும், கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

உங்களுக்கும் இப்படி ஒரு கொப்பி இருக்கும். கடை வைத்திருப்பவருக்குக் கணக்கு, ஆசிரியருக்கு ஒளிவிழா ஒத்திகை, ஓட்டோக்காரருக்கு விமான நிலையச் சவாரி. எந்த நாளில் அதை மூடுவது என்று டிசம்பர் தொடங்க முன்னரே கலண்டரில் வட்டம் போடுங்கள், வீட்டாருக்கும் சொல்லிவிடுங்கள். வயல்காரர்தான் பாவம், நெல்லுக்கு விடுமுறை சொல்ல முடியாது. எங்கள் வீட்டுக்காரர் காவற்கொட்டிலுக்குப் போகும்போது ரோச் லைற்றோடு செபமாலையையும் கொண்டு போவார். அங்கே ஐம்பத்துமூன்று மணியும் உருட்டுகிறாரா, வட்ஸ்அப் பார்க்கிறாரா என்று நான் விசாரிப்பதில்லை.

கடன் வாங்கி நத்தார் வேண்டாம்

வன்னியில் நத்தார் வருகிற நேரம் காசெல்லாம் மண்ணுக்குள் கிடக்கும். உழவுக்கும் விதைநெல்லுக்கும் பசளைக்கும் போட்டது மாசி மாத அறுவடையில்தான் திரும்பும். அதனால்தான் டிசம்பரில் நகை அடகுக்குப் போகிறது. அல்லது கிழமைக்குக் கிழமை வாசலுக்கு வந்து வசூலிக்கிற நுண்கடனில் பெண்கள் கையெழுத்து வைக்கிறார்கள். வட்டி கட்டிக்கட்டி முகம் கறுத்துப்போன பெண்களை என் கடை வாங்கில் உட்கார்த்தித் தேத்தண்ணி கொடுத்திருக்கிறேன். ஒரு நாள் உடுப்புக்கும் ஒரு நாள் இறைச்சிக்கும் ஒரு வருடக் கடன் என்றால், அந்த வீட்டில் ஜனவரியில் யார் என்ன செபம் சொல்வது?

எங்கள் ஒழுங்கையில் சில பெண்கள் சேர்ந்து தை மாதத்திலிருந்து நத்தார்ச் சீட்டுப் போடுகிறோம். சிறிய தொகைதான். கார்த்திகை முடிவில் கையில் வரும். வந்ததும் முதல் எடுத்து வைப்பது பகிர்வுக்கான பங்கு. எவ்வளவு என்று குழம்ப வேண்டாம்: உங்கள் பிள்ளை ஒன்றுக்கு உடுப்புக்கு எவ்வளவு போடுகிறீர்களோ அவ்வளவு. அதை நேரே கொண்டுபோய் நீட்டாமல், பங்கில் இருக்கிற வின்சென்ட் டி போல் சபைக்காரரிடம் கொடுங்கள். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அவர்களுக்குத் தெரியும். வாங்குகிறவருக்கும் கூச்சம் இராது. பழைய உடுப்புக் கொடுக்க விரும்புகிறவர்கள் ஆவணி புரட்டாதியில் கொடுங்கள். நத்தாருக்குப் புதுசு கொடுக்க வேண்டும்.

சங்குச் சத்தத்தில் எழும்புவது

எங்கள் ஒழுங்கையில் பெரும்பாலும் சைவ வீடுகள். திருவெம்பாவை நாட்கள் பல வருடங்களில் நத்தாரை ஒட்டித்தான் வரும். விடியப்புறம், இருட்டோடு, பெடியள் சங்கும் சேமக்கலமுமாக ஒழுங்கை வழியே போவார்கள். பிள்ளைகள் போர்வைக்குள் முனகுவார்கள். நான் அந்தச் சத்தத்தோடு எழும்பிவிடுவேன். அயலட்டைச் சனம் குளிர்த்தண்ணியில் தோய்ந்து கோயிலுக்குப் போகும்போது, மெழுகுதிரி கொளுத்தி ஒரு பந்தி வாசிக்க எனக்கு என்ன பஞ்சி?

திருவருகை வளையத்துக்குக் கடையில் போய் ஒன்றும் வாங்க வேண்டாம். பழைய கம்பியை வட்டமாக வளைத்துச் சவுக்குக் கிளையைச் சுற்றினால் போதும். வாரத்துக்கு ஒன்றாக நான்கு மெழுகுதிரி: மூன்று ஊதா, ஒரு ரோசா. நிற மெழுகுதிரி கிடைக்காவிட்டால் வெள்ளைத் திரியில் நிற ரிபன் கட்டுங்கள். எங்கள் வீட்டுச் சட்டம் ஒன்று: மின்சாரம் போனாலும் அந்தத் திரிகளில் கை வைக்கக்கூடாது. அதற்கென்று குப்பிவிளக்கு இருக்கிறது.

நான்கு வாரமும் தினம் வாசிக்க முடியாதவர்கள் 17 முதல் 24 வரை எட்டு நாளையாவது பிடித்துக்கொள்ளுங்கள். திருச்சபை அந்த எட்டு நாளுக்கும் பூசை வாசகங்களைக் கதை போலவே ஒழுங்குபடுத்தி வைத்திருக்கிறது. 17ஆம் திகதி மத்தேயுவின் மூதாதையர் பட்டியல், மறுநாள் யோசேப்பின் கனவு, பிறகு லூக்காவின் முதலாம் அதிகாரம் துண்டு துண்டாக: செக்கரியா, வானதூதர் மரியாவிடம் வந்தது, எலிசபெத்தைச் சந்தித்தது, மரியாவின் பாட்டு, யோவானின் பிறப்பு, 24 காலை செக்கரியாவின் பாட்டு. ஒவ்வொன்றும் தேத்தண்ணி ஆறுவதற்குள் வாசித்து முடிகிற அளவு.

மூதாதையர் பட்டியலைப் பலர் தாண்டிப் போவார்கள். நான் தாண்டுவதில்லை. "சல்மோன், போவாசு, ஓபேது" என்று சின்னவன் திக்கித்திக்கி வாசிப்பான், மற்றவள் சிரிப்பாள். வாசித்து முடிய, எங்கள் பட்டியலை மாமி சொல்வார்: பூட்டன் பெயர், அவர் எந்த ஊர், பாட்டன் எப்போது காடு வெட்டி இங்கே குடியேறினார், யார் யார் எங்கே இடம்பெயர்ந்து போய் எங்கே பிறந்தார்கள். பெரியவள் பிறந்தது எந்த ஊர் ஆஸ்பத்திரியில் என்று அவளுக்கு அப்படித்தான் தெரியவந்தது. ஆண்டவர் ஒரு குடும்பத்துக்குள், ஒரு ஊர்ப் பெயரோடு வந்து பிறந்தார் என்பதை மறைக்கல்விப் புத்தகத்தை விட இது நன்றாகப் படிப்பிக்கிறது.

கேக் அடித்துக்கொண்டே செபமாலை

இதை மட்டும் ஒரு வீட்டில் செய்து பார்த்தாலும் எனக்குச் சந்தோஷம். சீனியும் மாஜரினும் வெள்ளையாகி, விரலில் எடுத்தால் சீனி நெருடாமல் வரும்வரை கையால் அடிக்க ஏறக்குறைய ஒரு செபமாலை நேரம் ஆகும். அடிக்கிற மின்சார பீற்றர் இருக்கிறது, ஆனால் மழைக்காலக் கரண்ட்டை நம்பி இவ்வளவு முட்டையை உடைக்க முடியாது.

மகிழ்ச்சி மறைபொருள்களை, அதாவது இயேசுவின் பிறப்பையும் பிள்ளைப் பருவத்தையும் தியானிக்கிற ஐந்து பகுதிகளை, எடுங்கள். பேசினைப் பிடிக்க ஒருவர், அடிக்க ஒருவர், மணி உருட்ட ஒருவர். ஒவ்வொரு மறைபொருளுக்கும் ஆள் மாற வேண்டும். அப்போதுதான் கையும் ஓயும், ஆண்பிள்ளைகளும் தப்ப மாட்டார்கள். மூன்றாவது மறைபொருள், பெத்லகேமில் பிறப்பு, வரும்போது முட்டை மஞ்சட்கரு ஒவ்வொன்றாக விழத் தொடங்கும். அருள்நிறை மரியே ஒன்றுக்கு ஒரு மஞ்சட்கரு என்று சின்னவனே ஒரு கணக்கு வைத்துவிட்டான். நாலாவதில் வறுத்த ரவை, ஐந்தாவதில் கஜுவும் பிளம்ஸும் பூசணி அல்வாத் துண்டுகளும். கடைசியில் வெள்ளைக்கரு நுரை. அதற்குள் பிரார்த்தனை முடிந்து, பிள்ளைகள் பேசினை வழிக்கச் சண்டை தொடங்கியிருக்கும். பக்தியாக இருக்கிறார்களா என்று பார்க்காதீர்கள். வாய் செபத்தைச் சொல்கிறது, கை வேலையைச் செய்கிறது, மூக்குக்கு வெனிலா வாசம். பத்து வருடத்துக்குப் பிறகு எங்கோ ஒரு நாட்டில் அந்த வாசத்துக்கு அவர்களுக்கு என்ன ஞாபகம் வரும் என்பதுதான் என் கணக்கு.

வீட்டில் அவண் இல்லாதவர்கள் தட்டைப் பேக்கரிப் போறணைக்குக் கொண்டு போவோம். பாண் இறக்கின பிறகு, சூடு தணிந்த போறணையில்தான் கேக் வைப்பார்கள். தட்டில் பெயர் எழுதின கடதாசியை ஒட்ட மறக்காதீர்கள். அந்த வரிசையில் நிற்கிற நேரம் பெண்களுக்குள்ளே நடக்கிற கதைதான் எங்கள் பங்கின் உண்மையான பங்குச் சபைக் கூட்டம் என்று சொல்வேன். யார் வீட்டில் வருத்தம், யார் வீட்டுக்கு ஆள் இல்லை என்பதெல்லாம் பாதருக்கு முன்னரே அங்கே தெரிந்துவிடும்.

முஸ்லிம் குடும்பங்களுக்குக் கொடுக்க ஒரு தட்டைப் பிரண்டி ஊற்றாமல் தனியாக எடுத்து வையுங்கள். பாத்திரமும் கரண்டியும் வேறாக இருக்கட்டும். பிரண்டி இல்லை என்று சொல்லியே கொடுங்கள், நம்பிச் சாப்பிடுவார்கள்.

பலகாரத்தில் இரண்டு வகையோடு நிறுத்துங்கள். எங்கள் வீட்டில் பயத்தம் பணியாரமும் முறுக்கும். கொக்கிஸ் பக்கத்து வீட்டிலிருந்து எப்படியும் வரும்.

குடில்

குடிலுக்குப் பச்சை வேண்டுமென்றால் 13ஆம் திகதி, புனித லூசியா திருநாளில், நெல்லை ஊறப்போட்டு மீன்பேணிகளில் விதையுங்கள். 24இல் விரல் உயரத்துக்கு நிற்கும். பயறு வேண்டாம், அது சீக்கிரம் வளர்ந்து சரிந்துவிடும். வைக்கோல், குளத்துக் களிமண், கிடுகு எல்லாம் ஊரிலேயே கிடைக்கிறது. தரையில் வைக்காமல் வாங்கின் மேலே வையுங்கள். வெள்ளம் சொல்லிக்கொண்டு வராது. 2018இல் நத்தாருக்கு முந்தின நாட்களில் இரணைமடுக் குளத்து வான்கதவுகள் திறந்து கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கமெல்லாம் தண்ணீர். அந்த வருடம் எங்கள் பங்கின் கரோல் காசு அரிசியும் பருப்புமாகப் பள்ளிக்கூடங்களில் தங்கியிருந்த சனத்துக்குப் போனது.

எங்கள் குடிலின் கூரைக்குக் கிடுகு போடுவதில்லை. ஒரு துண்டுத் தறப்பாள். சண்டை முடிந்த வருடம், 2009 நத்தாருக்கு, நாங்கள் செட்டிகுளம் அகதி முகாமில் இருந்தோம். விட்டு வரும்போது மாமி அந்தத் துண்டை வெட்டி மடித்து எடுத்து வந்தார். ஓரத்தில் கயிறு போடுகிற வளையம் இன்னும் இருக்கிறது. "ஏன் மற்ற வீடுகளில் மாதிரி வடிவான கூரை இல்லை?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் சத்திரத்தில் இடம் கிடைக்காததும், ஏரோதுக்குப் பயந்து பாலனைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடினதும் எங்கள் வீட்டில் சொல்லப்படுகிறது. அதைச் சொல்லும்போது எங்கள் ஊர்க் கதைகளையும் சேர்ப்பேன். ஒல்லாந்தர் காலத்தில், 1670இல், மாந்தைச் சனம் மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு மடுக் காட்டுக்குள் போனது. 2008 ஏப்ரலில் சண்டை நெருங்கினபோது அதே சுரூபம் மடுவிலிருந்து தேவன்பிட்டிக்குப் போனது. பிறகு யோசேவாஸ் முனிவர். குருக்களுக்குத் தடை இருந்த காலத்தில், 1687இல், கோவாவிலிருந்து பிச்சைக்காரர் போல வந்து இறங்கி, இரவுகளில் வீடு வீடாக ஒளித்துப் பூசை வைத்தவர். 1689 நத்தார் இரவில் யாழ்ப்பாணத்தில் பூசைக்குக் கூடின சனத்தை ஒல்லாந்தர் சுற்றி வளைத்துப் பிடித்தார்கள், சுவாமி தப்பிவிட்டார். அவரைத்தான் 2015 ஜனவரி 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பில் புனிதராக அறிவித்துவிட்டு அன்று பின்னேரமே மடுவுக்கு வந்தார். பூசைக்கு எழும்பப் பஞ்சிப்படுகிற பிள்ளைக்கு 1689ஐச் சொல்லுங்கள். எனக்கு அது வேலை செய்கிறது.

நத்தார் பாப்பாவோடு எனக்குச் சண்டை ஒன்றும் இல்லை. வரட்டும், சொக்கலேற் கொடுக்கட்டும். பாலனை வைக்க முன்னர் வரக்கூடாது, அவ்வளவுதான். தீவனத்தொட்டி 24 இரவு வரை வெறுமையாக இருக்க வேண்டும். மூன்று அரசர்களும் தையல் மெஷின் மேசையிலிருந்து நாளுக்கொரு சாண் நடந்து, ஜனவரித் தொடக்கத்தில் வருகிற திருக்காட்சித் திருநாளுக்குத்தான் குடிலுக்கு வந்து சேர வேண்டும். ஒட்டகத்தின் ஒரு கால் உடைந்திருக்கிறது, ஆகவே மெதுவாகத்தான் வரும்.

கரோலும் வெடியும்

கரோல் பெடியளுக்கு இரண்டே சொல் சொல்லுவேன். லான்ட்மாஸ்டர் உழவு மெஷின் பெட்டியில் ஸ்பீக்கர் கட்டி வந்து, பாட்டைப் போட்டு, உண்டியலைக் குலுக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு ஓடுகிற கரோல் யாருக்கு? ஒவ்வொரு வீட்டிலும் லூக்கா இரண்டாம் அதிகாரத்தில் இடையர் பகுதியை ஒரு பிள்ளை வாசிக்கட்டும். அந்த வீட்டுக்காக ஒரு கர்த்தர் கற்பித்த செபம். ஒரு வீட்டுக்கு ஐந்து நிமிடம் கூடும். அப்படியென்றால் இரண்டு இரவாகப் பிரியுங்கள். அந்த வருடம் சாவு நடந்த வீட்டுக்கும் கட்டாயம் போங்கள். மேளத்தை ஒழுங்கை முகப்பில் நிறுத்திவிட்டு, படலைக்குள் நாலு பேர் போய், மெதுவாக ஒரு பாட்டு. அந்த வீடுகளில் பலகாரம் சுட மாட்டார்கள், ஆகவே நீங்கள் கொண்டு போங்கள்.

வெடி விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. எங்கள் சனத்தில் 2009ஐக் கண்ட ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்போது பதுங்குகுழிக்குள் கைக்குழந்தையாக இருந்தவர்கள் இப்போது வாலிபர். சிலர் வெடிச் சத்தத்துக்குச் சிரித்துக்கொண்டே நிற்பார்கள், கை நடுங்கும். பூசை முடிந்து வரும்போது ஆலய வாசலில் சீனவெடி கொளுத்துவது யாருடைய சமாதானத்தை அறிவிக்கிறது? மத்தாப்பு, பூந்திரி போதும். பிள்ளைகளுக்கு வெளிச்சம் இருந்தால் சரி.

இரண்டு பட்டியல்

கார்த்திகை மாதத்தில் மரித்தவர்களுக்காகச் செபிக்கிறோம், பெயர் எழுதிக் கொடுக்கிறோம். டிசம்பரிலும் அந்தக் கொப்பியை எடுத்து இராச் செபத்தில் நாளுக்கொரு பெயர் வாசிப்பது எங்கள் வழக்கம். பண்டிகை நாளில்தான் இல்லாதவர்களின் இடம் பெரிதாகத் தெரியும். சொல்லாமல் விட்டால் ஒவ்வொருவரும் தனித்தனியாக அழுவார்கள்.

ஒன்றை மட்டும் கவனமாகச் செய்யுங்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் பெயரை மரித்தவர்களின் பட்டியலில் எழுதாதீர்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் வீதியோரம் கொட்டகை போட்டு உட்கார்ந்த தாய்மாரைத் தெரியும்தானே. அவர்களில் ஒருவரும் பிள்ளை இறந்ததாகச் சொல்லவில்லை. எங்கே என்றுதான் கேட்டார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களுக்கு வேறு பக்கம், வேறு செபம். "நித்திய இளைப்பாற்றி" அங்கே சொல்லக்கூடாது. "ஆண்டவரே, அவர் எங்கே என்று உமக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்கிறோம். அப்படி ஒரு தாய் உங்கள் ஒழுங்கையில் தனியாக இருந்தால் 25 மத்தியானம் சாப்பிடக் கூப்பிடுங்கள். முதல் வருடம் வரமாட்டார், சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போங்கள். அடுத்த வருடமும் கூப்பிடுங்கள்.

நடுச்சாமமும் போனும்

முதலில் பூசை எங்கே, எத்தனை மணிக்கு என்று பங்கு அறிவித்தலைக் கேட்டு எழுதி வையுங்கள். ஒரு பாதர் பல சிற்றாலயங்களைப் பார்க்கிற இடத்தில் எல்லா ஆலயத்திலும் நள்ளிரவுப் பூசை இராது. ஒன்றில் நடுச்சாமம், ஒன்றில் விடிய. பாவசங்கீர்த்தனத்தைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள், பாதரும் மனிதர்தான். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நத்தாருக்கு ஆலய வாசலில் பைகளைச் சோதிப்பதும் உண்டு. ஆகவே பெரிய பை வேண்டாம், அரை மணித்தியாலம் முந்திப் போங்கள். குடையும் டோர்ச்சும் போதும்.

ஆண்கள் 24 பின்னேரம் "கொஞ்சமாக" என்று தொடங்கி நடுச்சாமத்துக்கு எழும்ப முடியாமல் கிடப்பது இங்கே புதுக் கதை இல்லை. எங்கள் வீட்டில் போத்தல் என்றால் பூசைக்குப் பிறகு, சாப்பாட்டோடு. இதைத் திருமணம் முடித்த வருடமே கதைத்து முடித்துவிட வேண்டும். பிறகு கதைப்பது கஷ்டம்.

அடுத்தது போன். எங்களுக்கு நடுச்சாமம் பன்னிரண்டு என்றால் ரொறன்ரோவில் 24 பகல் ஒன்றரை, லண்டனில் பின்னேரம் ஆறரை, பாரிஸில் ஏழரை. அவர்கள் எல்லாரும் விழித்திருக்கிற நேரம். சரியாகப் பாலனைக் குடிலில் வைக்கும்போது வீடியோ கோல் வரும். திருப்பலி முழுவதையும் போனைத் தூக்கிப் பிடித்து நேரலை செய்கிறவர்களும் உண்டு. நான் என்ன செய்கிறேன் என்றால், முதல் கிழமையே எல்லாருக்கும் நேரம் குறித்து அனுப்பிவிடுவேன். கனடாவுக்கு 25 காலை எட்டு மணி; அங்கே 24 இரவு ஒன்பதரை, அவர்கள் பூசைக்கு வெளிக்கிடுகிற நேரம். லண்டனுக்கும் பாரிஸுக்கும் பகல் இரண்டு மணி. அங்கே காலைச் சாப்பாடு. கோல் எடுத்ததும் "என்ன சாமான் அனுப்பினது, கிடைத்ததா" என்பதற்கு முன்னர் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு கர்த்தர் கற்பித்த செபம். அங்கே பிறந்த பிள்ளைகள் தமிழில் தடுமாறுவார்கள். தடுமாறட்டும், மாமி காத்திருந்து சேர்த்துச் சொல்வார்.

26ஆம் திகதிக்குப் பிறகு

முல்லைத்தீவுக் கரையோரச் சனத்துக்கு நத்தாரின் மறுநாள் காலை எதுவென்று சொல்ல வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நத்தார் உடுப்புக் காய முன்னர் கடல் வந்தது. அன்று காலையில் விருந்து, சுற்றுலா என்று வைக்காதீர்கள். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளைக் கட்டாயம் நினைவுப் பூசைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். திருச்சபைக்கும் அது முதல் மறைசாட்சி ஸ்தேவானின் நாள். 28இல் மாசில்லாக் குழந்தைகள். மகிழ்ச்சியும் துக்கமும் ஒரே கிழமைக்குள் அடுத்தடுத்து வருவது எங்கள் சனத்துக்குப் புரியாத விஷயம் இல்லை.

குடிலை 26ஆம் திகதியே கழற்றுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பொறுக்காது. அரசர்கள் இன்னும் மேசையில் நிற்கிறார்கள்! திருக்காட்சிக்கு அடுத்து வருகிற ஆண்டவரின் திருமுழுக்கு விழா வரை இருக்கட்டும். மழையில் சவுக்குக் கிளை கொட்டுண்டால் கூட்டி எடுங்கள். பேணி நெல்லைப் பிடுங்கி மாட்டுக்குப் போடலாம், ஆனால் பசளை போட்டு வளர்த்ததென்றால் வேண்டாம்.

புது வருடம் பிறந்த கையோடு ஓடர் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் அடுத்த நத்தாருக்கு எதை வெட்ட வேண்டும் என்று எழுதி வைப்பேன், இல்லாவிட்டால் மறந்துவிடும். இந்த முறை முறுக்கையும் வெட்டலாமா என்று மாமியிடம் கேட்டுப் பார்க்க வேண்டும், சம்மதிப்பாரோ தெரியாது. சீட்டுக்குப் பெயர் கொடுக்கிறவர்கள் தை மாதம் முதல் ஞாயிறு பூசை முடிய மணிக்கூண்டடியில் நில்லுங்கள். கொப்பி என்னிடம் இருக்கும்.